எடைமேடைக்கான இரப்பர்

சென்ற மாதம் சௌமிக் தொலைபேசியில் அழைத்தார். ஹவுராவில் நான் முப்பத்தோர் ஆண்டுகள் பணியாற்றிய இரப்பர் தொழிற்சாலையின் ஆய்வறைக்கு இன்று அவரே பொறுப்பாளர். ஆளில்லாச் சிறு வானூர்திகள் செய்யும் நிறுவனத்தார் சிலர் தொழிற்சாலையைப் பார்வையிட வருகிறார்களாம். அவர்களிடம் காட்டுவதற்கு எங்கள் பழம்பெருமை பற்றி இரண்டு பக்கம் வேண்டுமாம்.

“மூர்த்தி-தா, நீங்கதான் எழுதணும். அந்த ஜைரோ புஷ் விஷயம். நாம அப்பவே ஏரோப்ளேனுக்குப் பார்ட் செஞ்சவங்கன்னு வரணும். கொஞ்சம் பெருமையா இருக்கட்டும்.”

வங்காளத்தில் ‘தா’, ‘தாதா’ என்றால் அண்ணன். அவர் “அப்பவே” என்று குறித்தது எட்டாண்டுகளுக்கு முந்தைய காலத்தை. அந்தப் பாகம் வானூர்திக்காகச் செய்யப்பட்டது என்று எங்கள் தொழிற்சாலை தன் வாயால் ஒப்புக்கொண்டது அந்த அழைப்பில்தான். நான் எழுதுவதாகச் சொன்னேன். அவர் கேட்டதை எழுதவில்லை. நம் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்குப் பணிக்கால நினைவு ஒன்று தருமாறு நண்பர்கள் நெடுநாளாகக் கேட்டும் நான் தட்டிக்கழித்து வந்திருக்கிறேன். அந்தக் கடனும் இதனால் தீரட்டும்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேதியியல் படித்தேன், இரப்பர் நுட்பத்தில் பட்டயம் பெற்றேன், ஆறு மாதம் கலவை உருளையின் முன் நின்று புகைக்கரி படிந்த கைகளோடு டாக்குரியா வீட்டுக்குத் திரும்பினேன், பின்னர் ஆய்வறைக்குள் அனுப்பப்பட்டேன். அங்கேயே முடி நரைத்தது.

நாங்கள் செய்தவற்றில் பெரும்பகுதி ‘புஷ்’. உள்ளே ஓர் இரும்புக் குழல், வெளியே ஓர் இரும்புக் குழல், இரண்டுக்கும் நடுவே ஒட்டி வார்க்கப்பட்ட இரப்பர். இரயில்பெட்டியிலும் சரக்குந்திலும் இரும்பு இரும்போடு மோதும் இடங்களில் இது அமர்ந்து அதிர்வைத் தின்றுகொண்டிருக்கும். இதைச் செய்வதில் அடுப்படி நுட்பம் ஒன்று உண்டு. கலவையை அச்சிலிட்டு நீராவி வெப்பத்தில் குறித்த நேரம் வேகவிட வேண்டும். வெப்பம் குறைந்தால் மேற்புறம் வெந்து உட்புறம் பச்சையாக நின்றுவிடும். தொழிலாளர்கள் அதைக் ‘காஞ்சா’ என்பார்கள். காஞ்சா இரப்பரின் கொடுமை, அது பார்வைக்கும் விரலுக்கும் பிடிபடாது என்பதே. கடினமானி ஊசியை அழுத்தினாலும் ஏறத்தாழச் சரியான எண்ணையே காட்டும். ஒரு முழுநாள் வெப்பத்தில் அழுத்திவைத்து எடுத்தால்தான் குட்டு வெளிப்படும். நல்ல இரப்பர் பழைய உருவத்துக்குத் திரும்பும். காஞ்சா அமுங்கிய இடத்திலேயே கிடக்கும்.

அவ்வாறு தேறாதவற்றின் வெளிக்குழலில் சிவப்பு வண்ணத்தால் ஒரு பொட்டு வைத்து, அப்போதே கத்தியால் இரப்பரை அறுத்து எறிந்துவிட வேண்டும் என்பது எழுதப்பட்ட விதி. எங்கள் தொழிற்சாலையில் அந்த விதியின் பிற்பாதி வழக்கொழிந்திருந்தது. மேலாளர் தத்தா பாபு, தாம் பார்க்காமல் எதையும் அறுக்கக் கூடாது என்று ஆணையிட்டிருந்தார். சனிக்கிழமைதோறும் வருவார், சிவப்புப் பொட்டிட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் கீறி, கீறல் மறையும் வேகத்தைக் கண் இமைக்காமல் பார்ப்பார். பிறகு கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு தலையசைப்பார். அதன்பின் நாங்கள் அறுப்போம்.

தத்தா பாபு குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வேலைக்காரரையும் “நீங்கள்” என்பார். அவர் மேசையில் பேனா இருந்ததாக எனக்கு நினைவில்லை. எதையும் தம் கையால் எழுதமாட்டார். எதிரில் அமர்ந்திருப்பவரிடம் தாளை நகர்த்தி, “எழுதுங்க” என்பார். வாசகத்தைச் சொல் சொல்லாகச் சொல்வார். எழுதி முடித்ததும் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஒப்பமும் எழுதியவருடையதாகவே இருக்கும். அதை ஒரு மரியாதை என்று நான் பல்லாண்டு எண்ணியிருந்தேன். என் கையெழுத்தை அவர் புகழ்ந்ததும் அதற்கு ஒரு காரணம்.

அனிர்பன் பாபு எங்களிடம் வந்தது நான் ஓய்வுபெறுவதற்கு மூன்றாண்டு முன்பு. ஜாதவ்பூரில் குடியிருந்த பொறியியல் விரிவுரையாளர். ஐம்பதை ஒட்டிய வயது. தம் மைத்துனரோடு சேர்ந்து வீட்டுக் கொட்டகையில் ஜைரோபிளேன் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். ஓர் ஆள் அமரும் எளிய ஊர்தி அது. பின்னால் உள்ள எஞ்சின் முன்னோக்கித் தள்ளும். தலைக்கு மேல் இரண்டு நீண்ட இறகுகள் காற்றின் விசையாலேயே சுழன்று தூக்கும். அந்த இறகுகளைத் தாங்கும் கம்பத்தை அவர் ‘மாஸ்ட்’ என்பார். இறகுகள் ஒரு சுற்றுக்கு இருமுறை கம்பத்தை உதறும். நொடிக்குப் பன்னிரண்டு உதறல். அவை நேராக ஓட்டுபவரின் கைப்பிடிக்கு இறங்கும். கம்பத்தின் அடியில் நான்கு புஷ் வைத்தால் அடங்கும். அவற்றைச் செய்து விற்ற அயல்நாட்டு நிறுவனம் மூடப்பட்டுவிட்டது.

“அரை மணி நேரம் ஓட்டினா பல் கூசுது, மூர்த்தி-தா. ராத்திரி டீக்கப்பைப் பிடிச்சா கை தானா ஆடுது. என் மனைவி நான் குடிச்சிட்டு வர்றேன்னு நினைக்கறா,” என்றார் அவர்.

மாற்று தேடும் பணி என்னிடம் வந்தது. ஹவுராக் கடைகளில் கிடைத்த சரக்குந்து அதிர்வுதாங்கி புஷ்களை முதலில் எடுத்தேன். அளவு பொருந்தியது, இரப்பர் கல். உதறல் முழுவதையும் மேலே கடத்தியது. ஜீப்பின் வில்பட்டை புஷ்ஷும் அவ்வாறே. ஸ்கூட்டர் எஞ்சினுக்கு அடியில் வைப்பது மிக மென்மை. அதிர்வு அடங்கியது, ஆனால் கம்பம் சாய்ந்தது. கைப்பிடியை அசைத்தால் இறகு சற்றுத் தாமதித்தே கேட்டது. வானில் அந்தத் தாமதம் ஆகாது. அதிகம் நெகிழவும் கூடாது, விறைக்கவும் கூடாது. அந்த இடைவெளி மிகக் குறுகலானது.

பழைய மின்விசிறி ஒன்றின் அச்சில் ஒருபக்கமாக இரும்புத்துண்டைக் கட்டி அந்தப் பன்னிரண்டு உதறலை ஆய்வறையிலேயே உண்டாக்கினேன். புஷ்களின் மேல் ஒரு தகடு; தகட்டின் மேல் வீட்டிலிருந்து கொண்டுபோன எவர்சில்வர் தம்ளர் நிறையத் தண்ணீர். இயற்கை இரப்பரில் கரியைக் குறைத்துக் குறைத்து, கடினம் நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு என்ற அளவில் ஒரு கலவை அமைந்தது. அன்று தம்ளரின் நீர் வட்டமிட்டதே தவிர விளிம்பைத் தாண்டவில்லை. முப்பத்தோர் ஆண்டில் அதைவிட நிறைவான பிற்பகல் எனக்கு வாய்க்கவில்லை.

வேலைச்சீட்டு எழுதும் வேளை வந்தது. தத்தா பாபு தாளை என் பக்கம் நகர்த்தினார்.

“எழுதுங்க. எடைமேடைக்கான அதிர்வுத் தாங்கி, நான்கு.”

வானூர்தி என்று குறிக்க வேண்டாமா என்று கேட்டேன்.

“மூர்த்தி பாபு, நாம செய்யறது ரப்பர். அது பறக்குதா, அரிசி நிறுக்குதாங்கறது வாங்கறவர் பாடு. ஏரோப்ளேன்னு எழுதினா நாளைக்கு எத்தனை பேர் கேள்வி கேட்பாங்க, உங்களுக்குத் தெரியாதா? எழுதுங்க.”

எழுதினேன். என் வழக்கப்படி எழுத்துகள் வரிசை பிசகாமல் அமைந்தன.

நகருக்கு வெளியே புறம்போக்கு நிலத்தில், போர்க்காலத்தில் போட்டுக் கைவிட்ட ஓடுபாதை ஒன்றில் அனிர்பன் பாபு ஓட்டிப் பார்த்தார். அங்கிருந்தே என்னை அழைத்தார். கைப்பிடி ஒரு விரலுக்கு அடங்கி நிற்கிறது என்றார். அடுத்த ஞாயிறன்று ஜாதவ்பூர் வீட்டுக்கு அழைத்து, தேநீரும் சந்தேஷ் இனிப்பும் தந்து, தம் கம்பத்தின் கணக்குகள் அடங்கிய ஏட்டை விரித்துப் பக்கம் பக்கமாகக் காட்டினார். ஒவ்வொரு பற்றவைப்புக்கும் தனிக் கணக்கு. அவ்வளவு நேர்மையான ஏட்டை நான் கண்டதில்லை.

இரப்பர் வெயிலில் முதுமையடையும் என்பதால் ஓராண்டு கழித்து முன்னெச்சரிக்கையாகப் புதிய நான்கு கேட்டார். அந்த எச்சரிக்கையே அவருக்கு வினையாயிற்று.

எட்டு வார்த்தோம், இரண்டு ஈடாக. இரண்டாம் ஈடு வெந்துகொண்டிருக்கையில் கொதிகலனில் நீராவி தாழ்ந்தது. ஐயத்தின்பேரில் எல்லாவற்றையும் ஒருநாள் வெப்பத்தில் அழுத்தி வைத்தேன். முதல் நான்கும் தேறின. பின் நான்கும் காஞ்சா. அவற்றின் வெளிக்குழலில் சிவப்புப் பொட்டு வைத்தேன். அறுக்கவில்லை, சனிக்கிழமை வரவில்லையே. நல்லவை ஒரு தட்டிலும் தேறாதவை ஒரு தட்டிலுமாக அலமாரியில் இருந்தன.

அந்தச் சனிக்கிழமைக்கு முன் விஸ்வகர்மா பூஜை வந்தது. ஹவுராவில் வாழ்ந்தவர்களுக்கு அந்த நாளை விளக்க வேண்டியதில்லை. பொறிகள் நிற்கும், வானமெங்கும் பட்டங்கள் ஏறும், கடுகெண்ணெயில் குழைத்த சிந்தூரம் உருளை முதல் திருப்புளி வரை எல்லாவற்றின் நெற்றியிலும் ஏறும். எங்கள் தொழிற்சாலையில் அந்தப் பொட்டை வைப்பவர் தத்தா பாபு. அவர் தம் கையால் இட்ட ஒரே குறி அதுவாகத்தான் இருக்கும். அன்று அவருக்கு ஓர் ஆசை தோன்றிவிட்டது. அலமாரியிலிருந்த எட்டு புஷ்களையும் பித்தளைத் தாம்பாளம் ஒன்றில் கொட்டிச் சிலையின் முன் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சிந்தூரமிட்டு, வந்தவர்களிடமெல்லாம் பெருமையோடு காட்டினார்: “நம்ம கம்பெனியோட முதல் ஏரோப்ளேன் பார்ட்.” கடவுளிடம் உண்மையைச் சொன்னார். எடைமேடை தாளுக்கு மட்டும்.

நான் அதைத் தொலைவிலிருந்து பார்த்து முகம் சுளித்தேன். அளவுக்கருவியில் எண்ணெய் பூசுவதை வழிபாடு என்று ஏற்க என் கல்வி இடம்தரவில்லை. இயற்கை இரப்பருக்கு எண்ணெய் பகை என்று அவரே எனக்குக் கற்பித்திருந்தார். மறுநாள் காலை ஆய்வறைக்குள் நுழைந்ததும் சினத்தோடு ஒரு துணியை எடுத்தேன். நுண்ணோக்கி, கடினமானி, தராசு என்று ஒவ்வொன்றாகத் துடைத்து வந்து தாம்பாளத்துக்கு வந்தேன். எட்டிலும் சிவப்பு. சிந்தூரம் உலர்ந்த துணிக்கே வந்துவிடும். நான்கில் வந்தது. மற்ற நான்கில் வரவில்லை. எண்ணெய் இறுகியிருக்கிறது என்று எண்ணி, வண்ணத்தைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்தேன். எட்டும் பளிச்சென்று ஆயின.

அந்தத் துணி என் கையில் நின்ற அந்தக் கணத்தைப் பற்றி மட்டும் தனியாக ஒரு நூல் எழுதலாம். பொட்டு உலர்துணிக்கு வராதபோதே நான் நின்றிருக்க வேண்டும். சிவப்பு வண்ணத்தை வைத்தவன் நானே. என் நினைவு முழுவதும் தத்தா பாபுவின் மூடப்பழக்கத்தின் மீதே இருந்தது. அறியாமையைத் துடைக்கிறேன் என்ற செருக்கில் என் எச்சரிக்கையையே துடைத்தேன்.

கடினமானியை வைத்துப் பார்த்தேன். எட்டும் நாற்பத்தேழை ஒட்டியே காட்டின. தேறாதவற்றைப் பூஜைக்கு முன்பே தத்தா பாபு பார்த்து அறுக்கச் செய்திருப்பார், பிறகு வேறு நான்கு வார்த்திருப்பார்கள் என்று எனக்கு நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். கேட்டிருக்கலாம், அவருடைய அறை இருபது அடி தொலைவு. முதல்நாள் சினம் ஆறாததால் கேட்கவில்லை. கடைசியாகத் தேய்த்துவைத்து கைக்கருகே கிடந்த நான்கைத் தாளில் சுற்றி, வந்து காத்திருந்த அனிர்பன் பாபுவிடம் கொடுத்தேன்.

குளிர்காலம் தொடங்கியபின் மூன்றாம் ஓட்டத்தில் அது நடந்தது. எஞ்சின் வெப்பத்தில் இரப்பர் தளர்ந்து குழலை விட்டுப் பிரிய, கைப்பிடியில் பழைய உதறல் திரும்பி, கம்பம் சாய்ந்தது. இரண்டு மாடி உயரத்திலிருந்து பக்கவாட்டில் விழுந்தார். இடுப்பும் வலக்கையும் முறிந்தன. உயிர் தங்கியது. கைத்தடியோடு நடந்தார், சுண்ணக்கட்டியைப் பிடிக்க விரல்கள் மறுத்தன, விரிவுரையை விட்டார். ஊர்தியில் பாதி உழைப்பைக் கொட்டிய மைத்துனர், கம்பத்தின் கணக்கே பிழை என்று நாலு பேரறியச் சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

பிரிந்த புஷ்களை அனிர்பன் பாபு ஒரு பையிலிட்டு எனக்கு அனுப்பினார். ஒன்றை அறுத்தேன். உட்புறம் பிசுபிசுத்தது. அலமாரியில் எஞ்சியிருந்த நான்கையும் வெப்பத்தில் அழுத்தி வைத்தேன். மறுநாள் எடுத்தபோது நான்கும் தம் உருவுக்குத் திரும்பின. நல்லவை நான்கும் என்னிடம் இருந்தன. அவரிடம் போனவை எவை என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

தத்தா பாபுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அறுத்த இரப்பரை நகத்தால் கீறிப் பார்த்தார். கீறல் மறையவில்லை. கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

“சீட்டுல என்ன எழுதியிருக்கு, மூர்த்தி பாபு?”

“எடைமேடை.”

“யார் கையெழுத்து?”

அறுத்த இரப்பரை நான் தாளில் சுற்றினேன்.

“எடைமேடை ரப்பரை ஒருத்தர் ஏரோப்ளேன்ல மாட்டிக்கிட்டார். பாவம். நாம என்ன செய்ய முடியும்? உங்களுக்கு ரிடையர்மென்ட்டுக்கு இன்னும் பதினாலு மாசம் இருக்கு, இல்லையா?” என்றவர் தாளை என் பக்கம் நகர்த்தினார். “எழுதுங்க.”

அந்தக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். தங்கள் பயன்பாட்டுக்கு எங்கள் பொருள் உரியதன்று என்பது அதன் சாரம்.

கடிதம் கிடைத்தபின் அனிர்பன் பாபு ஒருமுறை நேரில் வந்தார். ஆய்வறையின் மூன்று படிகளை ஏற அவருக்கு நெடுநேரம் பிடித்தது. இழப்பீடு கேட்கவில்லை, வழக்குத் தொடுக்கப்போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

“எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதும், தாதா. என் மாஸ்ட் தப்பா, உங்க ரப்பர் தப்பா? ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் யாருக்கும் காட்டமாட்டேன். தினம் அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடறேன். எங்கே தப்புன்னு எனக்குத் தெரியலை.”

சோதனை முடிவு தெளிவாக இல்லை என்று சொன்னேன். மிகத் தூய வங்காளத்தில் சொன்னதாக நினைவு. அவர் தலையசைத்துப் படியிறங்கினார்.

ஓய்வுநாளில் மாலையிட்டார்கள். தத்தா பாபு என் கையெழுத்தைப் பற்றிப் பேசினார். இன்றும் அவர் நலமாக இருக்கிறார். ஆண்டுதோறும் துர்கா பூஜை முடிந்ததும் பிஜயா வாழ்த்து அனுப்புகிறார்; மருமகள் கையால் எழுதியது.

சௌமிக் கேட்ட இரண்டு பக்கத்தைப் பற்றி வீட்டில் சொன்னபோது என் மனைவி கோமதி கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். விபத்து நடந்த நாள்தொட்டு எல்லாம் அறிந்தவள் அவள் ஒருத்தியே. கத்தியை நிறுத்தாமலே சொன்னாள்.

“நாப்பது வருஷமா என் மளிகைச் சீட்டுல எழுத்துப் பிழை திருத்தறீங்க. மிளகாய்க்கு ஒரு கால் போடலைன்னா பொறுக்காது உங்களுக்கு. அந்த மனுஷன் ஒரு வரி கேட்டாரு. ஏழு வருஷமா அதை எழுத உங்களுக்குப் பேனா கிடைக்கலையா?”

அன்று பிற்பகலே எழுதினேன். யாரும் தாளை நகர்த்தவில்லை. யாரும் வாசகம் சொல்லவில்லை. எழுதியது இது:

‘தங்கள் ஊர்திக்கு இரண்டாம் முறை தரப்பட்ட நான்கு புஷ்களும் வேக்காடு போதாதவை, சோதனையில் தேறாதவை என்று நானே குறியிட்டவை, அக்குறியை நானே அழித்து, வானூர்திக்கு என்று அறிந்தே தங்களிடம் தந்தேன், தங்கள் கம்பத்தில் பிழையில்லை.’

அதை வங்காளத்தில் படியெடுத்து ஒப்பமிட்டு, டாக்குரியாவில் இரயிலேறி அடுத்த நிலையமான ஜாதவ்பூரில் இறங்கினேன். கொட்டகை பூட்டியிருந்தது. அனிர்பன் பாபு முன்னறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். நடுவயதில் பார்த்தவரை முதியவராகப் பார்த்தேன். தாளை இடக்கையால் வாங்கினார், வாசித்தார், மறுபடி வாசித்தார். எழுந்து, தடியை ஊன்றி அலமாரிக்குச் சென்றார். நான் முன்பு கண்டிருந்த அந்த ஏடு அங்கே இருந்தது. அதன்மேல் அதே அளவில் வேறு ஒன்பது ஏடுகள். எல்லாவற்றிலும் இடக்கை எழுத்து, கோணல் மாணலாக. ஒவ்வொன்றின் தலைப்பிலும் மாஸ்ட் என்றிருந்தது.

“முதல் புத்தகம் சரி,” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. “அதுக்கப்புறம் எழுதினதெல்லாம் தேவையில்லை.”

ஒன்பது ஏடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். குனிய முடியாமல் தடியாலேயே அவற்றை ஓரமாகத் தள்ளினார். உதவ எழுந்தேன், கையால் அமர்த்தினார். தாளை முதல் ஏட்டுக்குள் வைத்து மூடினார்.

உள்ளிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்து, தேநீர் போடட்டுமா என்று கேட்டார். அந்த வீட்டில் அதைக் கேட்டே யாரும் கண்டதில்லை, கேளாமலே வந்துவிடும்.

“வேண்டாம்,” என்றார் அனிர்பன் பாபு. “அவர் கிளம்பறார்.”